இரத்தத்தில் ஈயம், செம்பு, செலினியம்: இதயத்தை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

'முழு உடல் பரிசோதனை' விளம்பரங்களில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டோடு இப்போது உலோகங்களையும் சேர்த்துவிட்டார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் செம்பு சிவப்பு எழுத்தில் இருக்கிறது, செலினியம் நீல எழுத்தில் இருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் வருவதில்லை. உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வெகுகாலம் குப்பிகளோடு வாழ்ந்தவன் என்பதால் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் அந்தத் தாள்களை என்னிடம் நீட்டுகிறார்கள். அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் வேலை.

இரத்தத்தில் உலோகம் எதற்காக இருக்கிறது?

இரும்பு இல்லாமல் ஆக்சிஜன் பயணம் செய்யாது என்பது பள்ளிக்கூடப் பாடம். வளர்ந்த ஒருவர் உடலில் அது சுமார் 4 கிராம் இருக்கும். ஓர் ஆணிக்குப் போதும். துத்தநாகம் 2 முதல் 3 கிராம். செம்பு ஏறத்தாழ 100 மில்லிகிராம்தான். ஆனால் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள நார்களை ஒன்றோடொன்று பிணைக்கிற நொதி செம்பில்லாமல் வேலை செய்யாது. செலினியம் உயிரணுக்களைத் துருப்பிடிக்காமல் காக்கும் நொதிகளில் உட்கார்ந்திருக்கிறது. வைட்டமின் பி12இன் நடுவில் ஒரே ஒரு கோபால்ட் அணு இருக்கிறது.

ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் நான்குக்கும் உடலில் எந்த வேலையும் கிடையாது. ஆர்சனிக் முழு உலோகம்கூட அல்ல, செலினியம் உலோகமே அல்ல. ஆனாலும் ஆய்வகத்தில் எல்லாரையும் ஒரே பந்தியில்தான் உட்கார வைக்கிறோம்.

செம்பு அதிகம் என்று சிவப்பில் வந்திருக்கிறது. மாரடைப்பு வருமா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த வாரத்தில் காய்ச்சல் இருந்ததா, பல்லில் சீழ் இருந்ததா, மூட்டு வீங்கியிருந்ததா? இரத்தத்திலுள்ள செம்பில் பெரும்பகுதியைச் சுமப்பது செருலோபிளாஸ்மின் என்ற புரதம். உடலில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் அதைக் கூடுதலாகத் தயாரிக்கும். கூடவே செம்பின் அளவும் ஏறும். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையிலும் அப்படித்தான்.

செம்பு அதிகமுள்ளவர்களுக்கு இதய நோய் சற்று அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது உண்மை. தமனித் தடிப்பே ஓர் அழற்சி நோய் என்பதால் எது முட்டை, எது கோழி என்று அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது.

இந்தத் துறைக்கு இது பழைய சறுக்கல். 1960களில் மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் மாங்கனீசும் நிக்கலும் ஏறியிருப்பதைக் கண்டு, நோயை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் நம்பினார்கள். மாரடைப்பு வந்த சில மணி நேரத்தில் துத்தநாகமும் இரும்பும் இறங்கும், பின்னர் செம்பு ஏறும். அடிபட்ட உடல் காட்டும் எதிர்வினை அது. அடித்தது யார் என்று அது சொல்லாது. கண்டுபிடிக்கும் வேலையைக் கடைசியில் ட்ரோபோனின் என்ற புரதம் எடுத்துக்கொண்டது.

அப்படியானால் உலோகத்துக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது. ஈயத்தின் மீதுள்ள குற்றச்சாட்டு மிக வலுவானது.

அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை இரத்தம் கொடுத்த 14,289 பேரை 2011 வரை பின்தொடர்ந்து 2018இல் ஒரு கணக்கு வெளியானது. டெசிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஈயம் இருந்தவர்களோடு 6.7 இருந்தவர்களை ஒப்பிட்டால், பின்னவர்கள் இதய, இரத்தக் குழாய் நோயால் இறப்பது 70 சதவீதம் அதிகம். மாரடைப்பு வகை இறப்பு இரு மடங்கு. புகைப்பவர்களுக்கும் ஏழைகளுக்கும் ஈயம் அதிகமாக இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அவற்றுக்கு ஈடுசெய்த பிறகு வந்த எண்கள் இவை. முழுமையாக ஈடுசெய்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தும் சான்றுகள் ஒரே பக்கம் குவிந்துவிட்டதால், அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றையும் இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்று அறிக்கை வெளியிட்டது. 2021ஆம் ஆண்டில் உலகில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புகளுக்கு ஈயம் காரணம், பெரும்பாலும் இதய, இரத்தக் குழாய் பாதிப்பு வழியாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

ஈயம் எப்படிக் கெடுக்கிறது? அது கால்சியத்தின் வேடத்தில் உள்ளே நுழைகிறது. கால்சியம் போகிற கதவுகள் எல்லாம் அதற்குத் திறக்கின்றன. இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, சுவர் விறைக்கிறது, பி.பி. ஏறுகிறது, சிறுநீரகமும் மெல்லக் கெடுவதால் பி.பி. இன்னும் ஏறுகிறது.

என் ரிப்போர்ட்டில் ஈயம் குறைவாகத்தான் இருக்கிறது. தப்பித்தேனா?

இப்போது உள்ளே வருவது குறைவு என்று மட்டும் சொல்லலாம். இரத்தத்துக்குள் வந்த ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். வளர்ந்தவர் உடலிலுள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் பதுங்கியிருக்கிறது, அங்கே பல பத்தாண்டுகள் தங்கும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு கரையும்போதும் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போதும் அது மெல்ல வெளியே கசியும்.

ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000இல்தான் முழுமையாகக் கைவிட்டது; இலங்கை 2002இல். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அண்ணா சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களின் எலும்பில் அந்தப் புகையின் ஒரு பங்கு இன்னும் இருக்கும். என் எலும்பிலும்தான்.

பாட்டி வைத்த ஈயச் சொம்பு ரசத்தை நிறுத்தவேண்டுமா?

இந்தக் கேள்விக்கு வருகிற கோபம் வேறு எதற்கும் வருவதில்லை. ஈயச் சொம்பு என்பது வெள்ளீயச் சொம்பு. வெள்ளீயமும் காரீயமும் வேறு வேறு உலோகங்கள். விஷமுள்ளது காரீயம்; இந்தப் பக்கத்தில் நான் வெறுமனே 'ஈயம்' என்று எழுதுவதும் அதைத்தான். தூய வெள்ளீயத்தில் கொதித்த ரசத்தால் இதயத்துக்கு ஆபத்து என்று சொல்ல ஆதாரம் இல்லை.

சிக்கல் அந்தத் 'தூய' என்ற சொல்லில் இருக்கிறது. வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு, இரண்டும் எளிதாக உருகிக் கலக்கும், கலந்ததைக் கண்ணால் பிரிக்க முடியாது. ரசமோ புளியும் தக்காளியும் சேர்ந்த புளிப்பு; காரீயம் இருந்தால் அது கரைந்து வர ஏற்ற சமையல். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்துக்கும் இதே சந்தேகம் பொருந்தும். நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ்-கதிர்க் கருவியைப் போன்ற ஒன்றால் சொம்பையும் சோதிக்கலாம். கலவை என்று தெரிந்தால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள். சோதிக்க வழியில்லை என்றால் எவர்சில்வரில் ரசம் வைத்துக்கொள்ளுங்கள், மணம் கொஞ்சம் குறைந்துதான் போகும்.

ஈயம் வரும் மற்ற வழிகள்: சுரண்டப்படும் பழைய பெயிண்ட், குடியிருப்புக்கு நடுவே பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறைகள், பளபளப்புக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள். கடைசியாகச் சொன்னதில் வங்கதேசம் சாதித்துக் காட்டியிருக்கிறது. 2019இல் சந்தை மஞ்சளில் ஏறக்குறைய பாதி மாதிரிகளில் கலப்படம் இருந்தது. சோதனையும் அபராதமும் கடுமையானதும் 2021இல் அது காணாமலே போனது. ஆஸ்பத்திரி பக்கமே போகாமல் நடந்த இதயச் சிகிச்சை என்று அதைச் சொல்வேன்.

சித்த மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருக்கிறதாமே?

சிலவற்றில் சேர்த்தே செய்கிறார்கள், அதை யாரும் மறைப்பதில்லை. பற்பம், செந்தூரம் என்ற வகைகளே உலோகத்தையும் கனிமத்தையும் புடமிட்டுச் செய்பவை. தெற்காசியாவில் தயாரித்து பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டபோது 14 மருந்துகளில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. முறைப்படி புடமிட்டால் விஷம் நீங்கிவிடும் என்பது வைத்தியர்களின் வாதம். புடமிட்டாலும் ஈயம் ஈயமாகவேதான் இருக்கும், தனிமத்தை நெருப்பு மாற்றாது. உடலுக்குள் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை இரத்தத்தில் அளந்தால்தான் சொல்ல முடியும். அளக்கச் சொன்னால் அவர்களில் பலர் கோபித்துக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

பெயரிலும் ஒரு பொறி உண்டு. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் ஈயம். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள்.

காட்மியம்?

புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரச் செடி. புகைப்பவர் இரத்தத்தில் அது மற்றவர்களைவிடப் பல மடங்கு இருக்கும், பீடிக்கும் விலக்கில்லை. சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள் தங்கும். காட்மியம் எண்ணைப் பார்த்துப் பயந்து, கையில் சிகரெட்டோடு என்னிடம் ஆலோசனை கேட்ட நண்பர் ஒருவர் உண்டு.

கிணற்று நீரில் ஆர்சனிக் இருந்தால் இதயம் கெடுமா?

கெடும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி சிலி நாட்டின் அந்தோஃபகாஸ்தா நகரம். பாலைவன நகரம், குடிநீர்ப் பஞ்சம். 1958இல் ஆண்டிஸ் மலை ஆறுகளின் நீரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த நீரில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்சனிக் இருந்தது. இன்றைய வரம்பு 10. ஊரில் வேறு நீர் இல்லாததால் எல்லாரும் குடித்தார்கள். மாரடைப்பு இறப்புகள், இளவயது ஆண்களிடம்கூட, ஏறின. 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது, மாரடைப்பு மெல்ல இறங்கியது. நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் மட்டும் பல பத்தாண்டுகள் கழித்தும் வந்துகொண்டே இருந்தன. இதயம் சீக்கிரம் அடிபட்டது, மூலத்தை அடைத்ததும் சீக்கிரம் தேறியது என்று இதைப் படிக்கலாம்.

தைவானின் தென்மேற்குக் கரையில் ஆழ்கிணற்று நீரைக் குடித்தவர்களுக்குக் கால் தமனிகள் அடைத்து, பாதம் கருகி, வெட்டி எடுக்கவேண்டி வந்தது. கருங்கால் நோய் என்றே அதற்குப் பெயர். நம் துணைக்கண்டத்தில் பெரும் பாதிப்பு வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் கங்கைச் சமவெளியிலும்தான். தருமபுரி, சேலம் பக்கத்துக் கிணறுகளின் பழைய தொல்லை ஃபுளோரைடு. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கிற வேறு கதை.

மீனில் பாதரசம் உண்டே, இதயத்துக்கு நல்லது என்று மீன் சாப்பிடச் சொல்கிறீர்களே?

அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களின் கால் நகத்தில் பாதரசத்தை அளந்து 2011இல் வெளியிட்டார்கள். இதய நோயோடு தொடர்பு காணவில்லை. மத்தி, நெத்திலி, அயிலையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். சுறாவும் பெரிய சூரையும் வாரந்தோறும் வேண்டாம், கர்ப்பிணிகள் அறவே தவிர்க்கலாம். அந்த அறிவுரைக்குக் காரணம் குழந்தையின் மூளை.

கோபால்ட் இதயத்தை நிறுத்தியதாகக் கேள்விப்பட்டேன். கதையா?

நடந்தது. கனடாவின் கியூபெக் நகரம், 1965 ஆகஸ்ட். நடுவயது ஆண்கள் மூச்சிரைப்போடு, வீங்கிய இதயத்தோடு ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அடுத்த ஏப்ரலுக்குள் 48 பேர். அவர்களில் 20 பேர் இறந்துபோனார்கள். எல்லாரும் நாள்தோறும் லிட்டர் கணக்கில் பீர் குடிப்பவர்கள். கண்ணாடிக் குவளைகளைக் கழுவ வந்த புதிய சலவைப் பொடிகள் பீரின் நுரையை அமுக்கிவிடுவதால், நுரை நிற்பதற்காக மதுத் தயாரிப்பாளர்கள் கோபால்ட் உப்பைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். சேர்த்த ஒரு மாதத்தில் முதல் நோயாளி. நிறுத்தியதும் நோயும் நின்றது. அமெரிக்காவின் ஒமாஹாவிலும் பெல்ஜியத்தின் லூவேனிலும் இதே மாதிரி நோயாளிகள் இருந்தார்கள்.

இதில் என்னை உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. அதற்கு முன்பு இரத்தசோகைக்கு இதைவிடப் பல மடங்கு கோபால்ட்டை மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள், இதயம் நின்றதாகத் தெரியவில்லை. கியூபெக் குடிகாரர்கள் சோற்றுக்குப் பதில் பீரைக் குடித்தவர்கள்: புரதம் இல்லை, வைட்டமின் இல்லை, மதுவால் ஏற்கெனவே நைந்த இதயம். உலோகத்தின் அளவை மட்டும் பார்த்திருந்தால் இந்த நோயை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

நான் இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறேன். எனக்கும் கோபால்ட் பயமா?

உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து உரசும் வகை என்றால் மட்டும் கேளுங்கள். அந்த வகையில் மிகுதியாக விற்ற ஒன்று 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. பிரிட்டனில் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் கோபால்ட்டைத் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள். இதயம் பாதிக்கப்பட்ட நோயாளிகள் பெரும்பாலோரின் அளவு அதைப்போல் பல மடங்கு.

ஜெர்மனியின் மார்புர்க் நகரில் 2012இல் ஒருவர் இதயம் செயலிழந்து, கண்ணும் காதும் மங்கி வந்தார். பீங்கான் மூட்டு உடைந்து, அதை மாற்றி உலோக மூட்டு வைத்திருந்தார்கள். உள்ளே தங்கிய பீங்கான் துகள்கள் அந்த உலோகத்தை அரம்போல் அராவிக்கொண்டிருந்தன. அவரைப் பார்த்த பேராசிரியர் சில நிமிடங்களில் விடையைச் சொன்னார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த இதே போன்ற நோயை வைத்து அவர் மாணவர்களுக்குப் பாடம் நடத்திவந்திருக்கிறார்.

குறைவாக இருந்தாலும் ஆபத்து என்கிறார்களே, செலினியம் மாத்திரை வாங்கலாமா?

குறைவு ஆபத்துதான், சீனாவில் பார்த்தாயிற்று. வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் கெஷான் மாவட்டத்தில் 1935 குளிர்காலத்தில் பெண்களும் குழந்தைகளும் இதயம் தளர்ந்து இறந்தார்கள். அந்த நோய் ஊர்ப் பெயரிலேயே வழங்குகிறது. வரைபடத்தில் நோய் வந்த ஊர்களைக் குறித்தால் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டை வரும். அந்தப் பட்டையின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. விளைந்ததை மட்டுமே உண்ணும் உழவர் குடும்பங்களுக்கு வேறு வழியில் அது கிடைக்கவில்லை. 1974இல் சிச்சுவான் மாகாணத்து மியன்னிங்கில் 4,510 குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை செலினைட் என்ற செலினிய உப்பு மாத்திரை கொடுத்தார்கள். 10 பேருக்கு மட்டுமே நோய் வந்தது. வெற்று மாத்திரை தின்ற 3,985 பேரில் 54 பேருக்கு வந்தது.

நோய் ஏன் சில பருவங்களில் மட்டும் பாய்கிறது என்ற புதிர் மிச்சமிருந்தது. காக்ஸாக்கி என்ற வைரஸுக்கு இதில் பங்கிருப்பதாகச் சந்தேகித்தார்கள். 1995இல் அமெரிக்காவில் மெலின்டா பெக் குழுவினர் செலினியம் குறைந்த எலிகளுக்குச் சாதுவான காக்ஸாக்கி வைரஸைக் கொடுத்தபோது, அது எலிக்குள் மரபணு மாறி இதயத்தைத் தாக்கும் முரடாக வெளியே வந்தது. மாறிய வைரஸ் நன்றாகச் சாப்பிட்ட எலியையும் தாக்கியது! ஒருவரின் சத்துக்குறைவு பக்கத்து வீட்டுக்காரருக்கும் நோயாகலாம் என்பது, எனக்குத் தெரிந்த ஆய்வுக்கூடச் செய்திகளில் மிக நிம்மதி குலைத்த ஒன்று.

இதைக் காட்டி மாத்திரை விற்பவர்கள் மற்ற பாதியைச் சொல்வதில்லை. புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க 35,533 ஆண்களைச் சேர்த்த அமெரிக்க ஆய்வில் செலினியம் நாளுக்கு 200 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். புற்றுநோயும் குறையவில்லை, இதய நோயும் குறையவில்லை, 2008இல் நிறுத்திவிட்டார்கள். பள்ளத்தை நிரப்புவது வேறு, மேட்டின்மேல் மண் கொட்டுவது வேறு.

கேரளக் கடற்கரை மணலால் இதய நோய் வருமா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் குமரி மாவட்டத்துக்காரர்களிடமிருந்து வருகிறது, காரணம் இருக்கிறது. இதயத்தின் உட்சுவர் நாராகித் தடித்து, இதயம் விரியவே முடியாமல் போகும் ஒரு நோய் உண்டு. 1940களில் உகாண்டாவில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் அது மிகுதியாகக் காணப்பட்டது கேரளத்தில், ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தானும் அவரது குழுவினரும் அந்த இதயத் திசுக்களை அளந்து பார்த்தபோது சீரியம் கூடியும் மக்னீசியம் குறைந்தும் இருந்தது. இந்தியாவுக்குச் செயற்கை இதய வால்வு செய்து கொடுத்த அதே வலியத்தான்தான்.

சீரியம் எங்கிருந்து? கொல்லம் மாவட்டத்துச் சவறா முதல் நம் மணவாளக்குறிச்சி வரை கரையில் கிடக்கும் மோனசைட் மணலில் சீரியமும் தோரியமும் உண்டு. அந்த மண்ணில் விளைந்த மரவள்ளிக் கிழங்கையே மூன்று வேளையும் தின்று, புரதமும் மக்னீசியமும் இல்லாத உடலில் சீரியம் சேர்ந்து நாரை வளர்க்கிறது என்பது அவர்கள் கருதுகோள். எலிகளிலும் உயிரணு வளர்ப்பிலும் அதற்குக் கொஞ்சம் ஆதரவு கிடைத்தது. மனிதரில் நிரூபணம் ஆகவில்லை; குடற்புழுக்களால் ஏறும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களே காரணம் என்ற மாற்று விளக்கமும் வலுவானது.

கேரளத்தில் வறுமை குறைந்தது, நோயும் அரிதாகிவிட்டது. மணல் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் கடற்கரையில் வீடு என்பதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை என்பேன்.

இரும்பு அதிகமானால் இரத்தக் குழாய் துருப்பிடிக்குமா? இரத்ததானம் செய்தால் மாரடைப்பு வராதா?

1981இல் ஜெரோம் சலிவன் என்ற டாக்டர் ஒரு யோசனை சொன்னார்: மாதவிடாயில் இரும்பை இழப்பதால்தான் பெண்களுக்கு அந்த வயதில் மாரடைப்பு குறைவு. 1992இல் பின்லாந்து ஆய்வு ஒன்று, இரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) 200க்கு மேலுள்ள ஆண்களுக்கு மாரடைப்பு இரு மடங்குக்கு மேல் என்றதும் உலகமே துள்ளியது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 1,277 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப்பேரிடம் இரத்தத்தை எடுத்து இரும்பைக் குறைத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையிலும் (2007) குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஃபெரிட்டினும் அழற்சியில் ஏறும் புரதம் என்பதை மறக்காதீர்கள். இரத்ததானம் செய்யுங்கள், அடுத்தவர் பிழைப்பார்.

உண்மையிலேயே இரும்பு இதயத்தைக் கொல்வது, அடிக்கடி இரத்தம் ஏற்றவேண்டிய பரம்பரை நோயான தலசீமியாவில். ஒரு பை இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு, வெளியேற்ற உடலில் வழியே கிடையாது. எம்.ஆர்.ஐ.யில் இதயத்து இரும்பை நேரடியாக அளந்து, இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்தைக் கூட்டிக் குறைக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பிள்ளைகள் நடுவயது வரை வாழ்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இதயம் தளர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரும்பு குறைவு, ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும்கூட. அவர்களுக்கு நரம்பு வழியே இரும்பு ஏற்றினால் மூச்சிரைப்பு குறைந்து நடக்க முடிகிறது என்று 2009 முதல் சோதனைகள் காட்டுகின்றன. மாத்திரையாகக் கொடுத்தால் பலனில்லை. உங்கள் வீட்டில் இதயச் செயலிழப்பு நோயாளி இருந்தால், ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். உலோகப் பரிசோதனையில் பைசாவுக்குப் பயன் தருவது இதுதான்.

'பைபாஸ் வேண்டாம், ட்ரிப்ஸ் போட்டே அடைப்பைக் கரைக்கிறோம்' என்கிறார்கள். போகலாமா?

என் நெருங்கிய உறவினர் ஒருவர் போனார். முப்பது ட்ரிப்ஸ் என்று பேசி, ஆஞ்சியோவைத் தள்ளிப்போட்டு, இருபதாவதுக்கு முன்பே நெஞ்சுவலியோடு அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்தார். பிழைத்தார். ஆகையால் இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

பாட்டிலில் இருப்பது இ.டி.டி.ஏ., உலோகங்களைக் கவ்விச் சிறுநீரில் கொண்டுபோகும் வேதிப்பொருள். ஈய நஞ்சுக்கு நல்ல மருந்து. 1950களில் அமெரிக்க டாக்டர்கள் சிலர், தமனி அடைப்பில் கால்சியம் இருக்கிறதே, அதையும் இது உருவிவிடாதா என்று யோசித்தார்கள். அடைப்பு கரைந்ததை யாரும் காட்டவில்லை, வியாபாரம் மட்டும் வளர்ந்தது.

நியாயமாகச் சொன்னால், ஒருமுறை அது எங்களையெல்லாம் வியக்கவைத்தது. மாரடைப்பு வந்து தேறிய 1,708 பேரிடம் 40 ட்ரிப்ஸ் வரை கொடுத்துப் பார்த்த 'டாக்ட்' சோதனை 2013இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு மறுபடி இதயச் சிக்கல், வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 30 சதவீதம். சர்க்கரை நோயாளிகளிடம் வித்தியாசம் இன்னும் பெரிது. கிண்டல் செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டோம். ஈயமும் காட்மியமும் வெளியேறியதால்தான் பலன் என்றும் விளக்கம் தயாரானது.

அதே ஆய்வாளர் கெர்வாசியோ லாமாஸ் மறுபடி சோதித்தார், இம்முறை சர்க்கரை நோயும் பழைய மாரடைப்பும் உள்ள 1,000 பேரிடம் மட்டும். 2024இல் விடை வந்தது: மருந்துப் பக்கம் 35.6 சதவீதம், உப்புநீர்ப் பக்கம் 35.7. இரத்த ஈயமோ 61 சதவீதம் இறங்கியிருந்தது. எண் இறங்கியது, இதயம் கவனிக்கவே இல்லை. தன் நம்பிக்கைக்கு எதிரான முடிவை மேடையேறிச் சொன்னாரே, அவரை மதிக்கிறேன்.

பக்கவிளைவு இல்லாததும் அல்ல. டைசோடியம் இ.டி.டி.ஏ. இரத்தத்துக் கால்சியத்தைச் சட்டென்று இறக்கி இதயத்தை நிறுத்திவிடும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இப்படி மூவர் இறந்தது பதிவாகியிருக்கிறது, அவர்களில் இருவர் குழந்தைகள்.

யார் உலோகப் பரிசோதனை செய்யவேண்டும்? எப்படி?

பேட்டரி, பெயிண்ட், வெல்டிங், நகை உருக்கும் தொழிலில் இருப்பவர்கள், உலோக மருந்து நீண்டநாள் சாப்பிட்டவர்கள், ஆர்சனிக் பகுதியில் குடியிருந்தவர்கள், உலோக மூட்டுக்காரர்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தில் பி.பி. பார்க்கும் கருவி வாங்கலாம்.

செய்வதென்றால் ஈயத்துக்கு முழு இரத்தம் வேண்டும், ஏனென்றால் அது சிவப்பணுவில்தான் இருக்கிறது. நுண்ணளவு உலோகங்களுக்கென்றே தயாரித்த குப்பியில் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணக் குப்பியின் ரப்பர் மூடியே துத்தநாகத்தைக் கசியவிடும். ஆர்சனிக்குக்குச் சிறுநீர் கொடுப்பதற்கு முன் நான்கைந்து நாள் மீன், இறால், நண்டு வேண்டாம். அவற்றிலுள்ள தீங்கற்ற ஆர்சனிக் எண்ணை ஏற்றிக் காட்டும். மாத்திரை கொடுத்து உலோகத்தைக் கிளப்பிவிட்டுப் பிறகு சிறுநீரில் அளந்து, இயல்பான வரம்போடு ஒப்பிட்டு 'பாருங்கள், விஷம்' என்று காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிக் கிளப்பினால் ஊரில் எல்லாருக்கும் அதிகமாகத்தான் வரும்.

எண் உண்மையிலேயே கூடுதலாக இருந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அதற்குள் வீட்டில் தேடுங்கள்: பாத்திரம், மஞ்சள்பொடி, மருந்து டப்பா, கிணறு, வேலை செய்த சட்டை. வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கும் ஒரு குப்பி இரத்தம் எடுத்துவிடுங்கள். தரையில் தவழ்வது அதுதான்.